மொட்டை மாடித் தக்காளி: வாசகர் கேள்விகள், தோட்டக் குழுவின் பதில்கள்

தக்காளி வளர்ப்பில் உள்ள சந்தேகங்களை எழுதி அனுப்பும்படி பெங்களூரு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘என்ன உரம் போடலாம், என்ன மருந்து அடிக்கலாம்’ என்றே கேட்கின்றன. விவரங்களைப் படித்துப் பார்த்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: விதைத்த மாதம், கிடைக்கும் வெயில், தண்ணீர் ஊற்றும் விதம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

ஜூன் மாதம் மழை ஆரம்பித்ததும் விதை போட்டேன். செடி தளதளவென்று வந்தது. ஆகஸ்டில் காய் பிடிக்கும் நேரத்தில் இலை கருகத் தொடங்கி, இரண்டு வாரத்தில் எல்லாச் செடியும் போய்விட்டது. வேலூரில் என் அம்மா ஆடியில்தான் விதைப்பார். இங்கே எப்போது விதைக்க வேண்டும்?
வாசகி, அல்சூர்

வேலூரின் ஆடிப்பட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மே மாதக் கோடை மழையில் தொடங்கி, தென்மேற்குப் பருவம், அதன் வாலைப் பிடித்து வடகிழக்குப் பருவம் என்று அக்டோபர் வரை விட்டு விட்டு நனைந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஜூனில் விதைத்த செடி காய்க்கிற ஆகஸ்டில் மேகமூட்டம் அதிகம், வெயில் குறைவு, இலை காய்வதற்குள் அடுத்த தூறல். கருகல் நோய்க்கு இதைவிடத் தோதான காலம் இல்லை. இலை ஓரத்தில் கரும்பச்சையாக, நீர் கோத்தாற்போல ஒரு திட்டு வந்து, விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் பூசணம் தெரிந்திருந்தால், உங்கள் செடியை எடுத்துக்கொண்டது பின்கருகல் நோய்தான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாட்களில் செடியையே முடித்துவிடும்.

இந்த ஊருக்கு நல்ல பட்டம், அதாவது விதைக்கும் பருவம், புரட்டாசி. செப்டம்பர் மூன்றாவது வாரத்தில், மழை படாத இடத்தில் குழித்தட்டில் விதையுங்கள். முளைக்க 5 முதல் 8 நாள். 25 முதல் 30 நாளில் நாற்று நான்கைந்து இலையோடு எடுத்து நட ஏற்றதாகிவிடும். அதாவது கனமழை தணியத் தொடங்கும் அக்டோபர் கடைசி. நட்டதிலிருந்து ஒரு மாதத்தில் பூ. பூவிலிருந்து பழுக்க 40 முதல் 50 நாள். கணக்குப் போட்டால் பொங்கலை ஒட்டி முதல் பழம் கையில் இருக்கும். மார்ச் வரை பறிக்கலாம். டிசம்பர், ஜனவரியில் இரவு 15 டிகிரிக்கு இறங்கும்போது வளர்ச்சி கொஞ்சம் மந்தப்படும். அதற்குப் பயந்து உரத்தைக் கூட்ட வேண்டாம்.

இரண்டாவது பட்டமும் உண்டு. டிசம்பர் கடைசியில் விதைத்து, ஜனவரி கடைசியில் நட்டு, ஏப்ரல் சூடு ஏறுவதற்குள் காய் பிடிக்க வைத்துவிட வேண்டும். அப்போது வெள்ளை ஈயின் தொல்லை அதிகம் என்பதால் நோய் தாங்கும் ரகம்தான் போட வேண்டும். ஜூனில்தான் விதைப்பேன் என்றால் செடிக்கு மேலே தெளிவான பிளாஸ்டிக் கூரை போடாமல் இறங்காதீர்கள்.

எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. ஜனவரி, பிப்ரவரியில் நன்றாகக் காய்த்த அதே ரகம், மே மாதம் ஒல்லியாக வளர்ந்து பூக்கவே இல்லை. மண், உரம் எல்லாம் ஒன்றுதான். ஏன்?
வாசகர், மாரத்தஹள்ளி

வெயில் இடம் மாறிவிட்டது. பெங்களூரு 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். உங்கள் தெற்கு பால்கனிக்கு மேல்தளத்தின் சிலாப்பே நிழல் போடும். குளிர்காலத்தில் சூரியன் சாய்ந்து நின்று பால்கனிக்குள் எட்டிப் பார்ப்பதால் 6 மணி நேர வெயில் கிடைக்கிறது.

எனவே தெற்கு பால்கனிக்காரர்கள் அக்டோபரில் நட்டு மார்ச்சில் முடித்துக்கொள்வதே சரி. கிழக்கு பால்கனியில் காலை வெயில் 4 மணி நேரம் மட்டும் விழுந்தால் பெரிய தக்காளியை விட்டுவிட்டு செர்ரி தக்காளி போடுங்கள். அதற்குக் குறைந்த வெளிச்சமே போதும். வடக்கு பால்கனியில் தக்காளி வேண்டாம். புதினா, கீரை என்று போய்விடலாம்.

ஒரு செடிக்கு எவ்வளவு பெரிய பை வேண்டும்? மண் கலவைக்கு ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள்.
வாசகி, லிங்கராஜபுரம்

விட்டம் 12 அங்குலம், உயரம் 12 அங்குலம் உள்ள குரோ பேக் சுமார் 22 லிட்டர் கொள்ளும். ஒரு செடிக்கு அதுதான் குறைந்தபட்சம். 20 லிட்டர் பெயின்ட் வாளி இருந்தால் அடியில் விரல் நுழையும் அளவில் ஐந்தாறு ஓட்டை போட்டு அதிலேயே நடலாம். ஒரே பையில் இரண்டு செடி வைத்தால் விளைச்சல் இரட்டிக்காது. இரண்டும் தண்ணீருக்குப் போட்டி போட்டு, நடுமத்தியானத்தில் தலை தொங்கும்.

20 லிட்டர் கலவைக்கு: சலித்த செம்மண் 7 லிட்டர், நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 7 லிட்டர், கழுவிய கோகோபீட் (தென்னை நார்த் தூள்) 6 லிட்டர், வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 50 கிராம். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை கழுவிப் பிழியுங்கள். அதில் தங்கியிருக்கும் உப்பு நாற்றின் வேரைச் சுடும். கலவையை ஈரப்படுத்தி, பத்து நாள் நிழலில் வைத்த பிறகே நட வேண்டும். வேப்பம் புண்ணாக்கு புளிக்கும்போது கிளம்பும் சூடு அதற்குள் அடங்கிவிடும்.

நடும்போது கீழே உள்ள இரண்டு இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக வையுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இப்படிச் செய்வதில்லை. 5 அடிக் குச்சியை நடும் அன்றே ஊன்றிவிட வேண்டும். பிறகு குத்தினால் வேர் அறும். பையின் வாயிலிருந்து 3 அங்குலம் காலியாக விட்டு, காய்ந்த இலைச்சருகைப் பரப்புங்கள்.

நனைந்த பை 20 கிலோவுக்கு மேல் இருக்கும். பழைய வீட்டு மாடியில் நடுவில் குவிக்காமல், கைப்பிடிச் சுவரை ஒட்டி, செங்கல் மேல் வையுங்கள். அடியில் காற்றுப் போனால்தான் ஓட்டை அடைபடாது, தளமும் பாசி பிடிக்காது.

பூ கொத்துக் கொத்தாக வருகிறது. இரண்டு மூன்று நாளில் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். இன்னும் என்ன கொடுக்க வேண்டும்?
வாசகர், முருகேஷ்பாளையா

இன்னும் எதுவும் கொடுக்க வேண்டாம், கொடுப்பதை நிறுத்துங்கள். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்துதான் (நைட்ரஜன்) பிரதானம். பூ வரும் வரை அது நல்ல உரம். 50 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம். முதல் பூங்கொத்து தலைகாட்டிய பிறகும் வாரா வாரம் ஊற்றினால், செடி தழைத்துக்கொண்டே போகும். இலை கரும்பச்சையாக, தண்டு கட்டைவிரல் தடிமனாக, நுனி இலைகள் உள்நோக்கிச் சுருண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் உரம் ஒன்றே காரணம் என்று விட்டுவிட முடியாது. பூக்காம்பை உற்றுப் பாருங்கள்: நடுவில் முழங்கை மடங்கினாற்போல ஒரு சின்னக் கணு இருக்கும். மகரந்தம் சேராத பூ அந்தக் கணுவில்தான் மஞ்சளாகி ஒடியும். மகரந்தம் சேர்ந்த பூவில் இதழ் காய்ந்து சுருண்டாலும் காம்பு பச்சையாகவே நிற்கும். காய்ந்த இதழை மெல்ல விலக்கினால் உள்ளே மிளகளவுக்குப் பச்சைக் காய் தெரியும்.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும். ஆண், பெண் என்று தனிப் பூ கிடையாது. ஆனால் மகரந்தம் நடுவில் இருக்கும் மஞ்சள் கூம்புக்குள் அடைபட்டிருக்கிறது; பூ அதிர்ந்தால்தான் கொட்டும். வயலில் காற்றும், உடலை அதிரவைத்து ரீங்கரிக்கும் நீலப்பட்டைத் தேனீ போன்ற காட்டுத் தேனீக்களும் இந்த வேலையைச் செய்கின்றன. சாதாரணத் தேனீயால் அப்படி அதிரவைக்க முடியாது. நான்கு பக்கமும் கட்டடம் மறைக்கும் மாடியில் காற்றும் இல்லை, காட்டுத் தேனீயும் குறைவு. ஆகவே காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள், பூ காய்ந்திருக்கும்போது, கொத்தின் காம்பை விரலால் இரண்டு மூன்று முறை சுண்டிவிடுங்கள். பழைய எலெக்ட்ரிக் டூத்பிரஷ் இருந்தால் காம்பின் பின்புறத்தில் மூன்று விநாடி வைத்தால் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்து வாருங்கள். மழைநாளில் பலன் கிடைக்காது. ஈரத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது சூடு. பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பெங்களூரில் ஏப்ரல் பகல் சராசரியே 34ஐத் தொடுகிறது. சிமென்ட் தளத்தின் மேல் அதைவிடக் கூடுதல். அந்த மூன்று நான்கு வாரம் பூ உதிர்ந்தால் மருந்து தேடாதீர்கள். மதியம் 12 முதல் 4 வரை 35 சதவீத நிழல்வலை கட்டி, செடி வாடாமல் பார்த்துக்கொண்டால், கோடை மழை விழுந்ததும் புதுப் பூ நிற்கும்.

உரம்: பூத்த பிறகு சாம்பல் சத்து (பொட்டாசியம்) தூக்கலாக இருக்க வேண்டும். 13:0:45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் உரம் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, பத்து நாளுக்கு ஒரு முறை, செடிக்கு ஒரு லிட்டர் வேரில் ஊற்றலாம். ஹெசரகட்டா இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கும் ‘அர்கா வெஜிடபிள் ஸ்பெஷல்’ என்ற நுண்ணூட்டத் தூள் தக்காளிக்கு லிட்டருக்கு 5 கிராம். அதோடு எலுமிச்சைச் சாறும் துளி ஷாம்புவும் சேர்த்து இலையில் தெளிப்பார்கள்.

காயின் அடிப்பக்கம் கருத்து, தோல்போலக் காய்ந்துவிடுகிறது. முட்டை ஓட்டுத் தூள் போட்டும் நிற்கவில்லை.
வாசகி, ஈஜிபுரா

இது நோய் இல்லை, பரவாது. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேராததால் அங்குள்ள திசு செத்துவிடுகிறது. மண்ணில் சுண்ணாம்பு இல்லை என்று அர்த்தமில்லை. பெங்களூரு போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு வேண்டிய அளவு இருக்கிறது. உங்கள் கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைதான் அது.

சுண்ணாம்பு செடிக்குள் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். இலை நிறைய நீராவி விடுவதால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். காய் அவ்வளவாக விடாது. இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால், வறண்ட நாட்களில் காய்க்கு வர வேண்டியது வராமல் போகிறது. அது கருப்பாகத் தெரிவது ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான், அதனால் காரணம் பிடிபடுவதில்லை. முட்டை ஓடு கரைவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவும் அமிலத் தன்மை உள்ள மண்ணில்.

பாதித்த காய்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொடுங்கள். குளிர்காலத்தில் காய்க்கும் செடிக்கு ஒரு லிட்டர், மார்ச், ஏப்ரலில் இரண்டு லிட்டர், வேண்டுமானால் காலை, மாலை என்று பிரித்து. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவதைவிட, டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய் நம்பகமானது. செம்மண்ணே இல்லாமல் கோகோபீட்டில் மட்டும் வளர்ப்பவர்களுக்கு மட்டும் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் உதவும். அதை வேறு எந்த உரத்தோடும் கலக்காமல் தனியாக ஊற்ற வேண்டும்.

அபார்ட்மென்ட் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். இலை ஓரம் காய்ந்து, மண் மேல் வெள்ளையாகப் பூக்கிறது.
வாசகர், கே.ஆர்.புரம்

உங்கள் கட்டடத்தில் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. குளிக்க நல்லது, செடிக்கு விஷம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரும் வேண்டாம். அதில் உப்பு செறிவாக இருக்கும். சம்பில் விழும் காவிரித் தண்ணீரையோ, மழைநீரையோ, சாஃப்ட்னருக்குப் போகும் முன்னால் உள்ள போர்த் தண்ணீரையோ பிடித்து ஊற்றுங்கள். இப்போது இருக்கும் உப்பை வெளியேற்ற, 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக, அடியில் வடிய வடிய ஊற்ற வேண்டும்.

இலை சுருண்டால் செடியைப் பிடுங்கிப் போடு என்கிறார் நண்பர். காய் இருக்கிற செடியைப் பிடுங்க மனசு வரவில்லை. வேறு வழியே இல்லையா?
வாசகி, சிவாஜிநகர்

முதலில் எந்தச் சுருட்டல் என்று பாருங்கள். அடி இலைகள் மட்டும் மேல்நோக்கிக் குழலாகச் சுருண்டு, நிறம் பச்சையாகவே இருந்து, தொட்டால் மொடமொடவென்று இருந்தால் அது வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை அல்லது அளவுக்கு மீறிக் கிளை வெட்டியதன் விளைவு. காய்ப்பு குறையாது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம்போல் குழிந்து, கணுக்கள் நெருங்கி, செடி புதர்போல் நின்றுவிட்டதென்றால் அது இலைச்சுருட்டு வைரஸ். இந்த வைரஸில் ஒரு வகைக்கு அறிவியல் ஏடுகளில் பெங்களூரு பெயரே இருக்கிறது. அந்த அளவுக்கு இந்தப் பகுதியில் இது பழகிய நோய். வெள்ளை ஈ பரப்புகிறது. செடிக்குள் ஏறிய வைரஸுக்கு மருந்து கிடையாது. மோர், மஞ்சள், பெருங்காயம் எதுவும் அதை வெளியேற்றாது.

இப்போது உங்கள் கேள்விக்கு. செடி காய்த்து முற்றிய நிலையில், பக்கத்தில் வேறு இளஞ்செடி இல்லையென்றால், இருக்கும் காய்களைப் பறித்து முடித்துவிட்டுப் பிடுங்கலாம். ஆனால் பக்கத்தில் நாற்றோ பூக்காத செடியோ இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிடுங்கும் முன் செடி மேல் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து, பிளாஸ்டிக் பையால் மூடி எடுங்கள். சும்மா உலுக்கினால் ஈ பறந்து அடுத்த செடியில் உட்காரும்.

தடுப்பதற்கான இடம் நாற்றங்கால். நட்ட முதல் ஒரு மாதத்தில் வைரஸ் ஏறினால் விளைச்சலே இல்லை. 60 நாளுக்குப் பிறகு ஏறினால் சேதம் குறைவு. எனவே விதைத்த நாளிலிருந்து நடும் வரை குழித்தட்டை 40 அல்லது 50 மெஷ் நைலான் வலைக்குள் வையுங்கள். கொசு வலையின் கண் பெரிது, ஈ நுழைந்துவிடும். நட்ட பிறகு, செடியின் நுனி உயரத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று. வாரம் ஒரு முறை, வெயில் சாய்ந்த பிறகு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை 2 மில்லி திரவ சோப்புடன் குலுக்கி, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஈயும் அதன் குஞ்சும் இருப்பது அடியில்தான். மேலே மட்டும் தெளிப்பது வீண்.

ரகத்தைப் பொறுத்தவரை ஹெசரகட்டாவின் ‘அர்கா ரக்ஷக்’, ‘அர்கா சம்ராட்’ இரண்டும் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய (ஹைபிரிட்) ரகங்கள். பின்கருகலும் தாங்க வேண்டுமென்றால் ‘அர்கா அபேத்’. இரண்டாம் பட்டத்துக்கு இவற்றைத் தவிர வேறு போட நாங்கள் சொல்ல மாட்டோம்.

நேற்று வரை நன்றாக இருந்த செடி இன்று பச்சையாகவே தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை.
வாசகர், பாணஸ்வாடி

பையின் ஓட்டை அடைத்து தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு சோதனை செய்யலாம். மண்ணுக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, இரண்டு அங்குலத் துண்டை, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுகம் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற வெள்ளை இழை கீழே வழிந்தால் அது பாக்டீரியா வாடல். செடியைக் காப்பாற்ற முடியாது. அந்த மண்ணில் கிருமி வருடக்கணக்கில் இருக்கும். அதில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வைக்கக் கூடாது. கீரை போடலாம். பையையும் கரண்டியையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவுங்கள்.

இழை வராமல், வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. மண்ணை மார்ச், ஏப்ரல் வெயிலில் நனைத்து, தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடி ஆறு வாரம் வைத்தால் பெருமளவு கட்டுப்படும். அடுத்த கலவையில் வேப்பம் புண்ணாக்கை 200 கிராமாகக் கூட்டுங்கள்.

பக்கக் கிளைகளை எல்லாம் கிள்ள வேண்டுமா?
வாசகி, விவேக்நகர்

ரகத்தைப் பொறுத்தது. பெரியகுளத்தின் பி.கே.எம்.1 போலக் குட்டையாக நின்று காய்க்கும் ரகத்தில் கிள்ளக் கூடாது; கிள்ளினால் காய்தான் குறையும். செர்ரி தக்காளிபோல் ஏறிக்கொண்டே போகும் ரகத்தில் ஒரு தண்டு அல்லது இரண்டு தண்டு மட்டும் விட்டு, இலைக்கும் தண்டுக்கும் இடையே வரும் தளிரை விரல் நீளத்தில் காலையிலேயே ஒடித்துவிடுங்கள். எந்த ரகமானாலும் முதல் காய்க்கொத்துக்குக் கீழே, தரையிலிருந்து ஓர் அடி வரை இலையை எடுத்துவிட வேண்டும். மழையில் மண் தெறித்துத்தான் முன்கருகல் ஏறுகிறது. வளையம் வளையமாகப் பழுப்புத் திட்டு ஏற்கெனவே வந்திருந்தால் அந்த இலைகளை அப்புறப்படுத்தி, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளிக்கலாம். தெளித்த பின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று பாக்கெட்டில் போட்டிருக்கும்; அந்த இடைவெளி முடிந்த பிறகே பறித்து, கழுவிச் சமையுங்கள்.

இலையில் வெள்ளைக் கோடுகள். காயிலும் ஓட்டை. இரண்டும் ஒரே பூச்சியா?
வாசகர், ஸ்ரீராம்புரம்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இலையில் மெல்லிய பாம்புக்கோடு மட்டும் என்றால் இலைத் துளைப்பான். அந்த இலையைக் கிள்ளினால் போதும், பெரிய நஷ்டமில்லை. கோடாக இல்லாமல் அகலத் திட்டாக, இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடிபோல் தெரிந்து உள்ளே சிறு புழுவும் கருப்பு எச்சமும் இருந்தால் அது ஊசிப்புழு. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியாவில் 2014இல் மகாராஷ்டிராவில் முதலில் கண்டுபிடித்தார்கள், பிறகு கர்நாடகத்துக்கும் பரவிவிட்டது. காயின் காம்படியில் குண்டூசி முனை அளவு துளை போடும். இதன் அறிவியல் பெயரான ‘டூட்டா’வைச் சொல்லிக் கேட்டால், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கொடுப்பார்கள். அதோடு பாதித்த இலையையும் காயையும் குப்பையில் போடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள்.

பென்சில் நுழையும் அளவு வட்ட ஓட்டை, புழுவின் பாதி உடம்பு வெளியே என்றால் பச்சைக் காய்ப்புழு. அதற்குச் செண்டுமல்லி நல்ல பொறிப்பயிர். தக்காளி பூக்கும் அதே நேரத்தில் செண்டுமல்லியும் பூத்தால்தான் அந்துப்பூச்சி அங்கே போய் முட்டையிடும். அதற்காக வயலில் 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் சேர்த்து நடச் சொல்கிறார்கள். மாடியில் ஆறேழு தக்காளிக்கு ஒரு செண்டுமல்லி போதும். மிஞ்சுகிற புழுவைக் கையால் எடுத்துவிடலாம்.

மார்க்கெட்டில் வாங்கிய தக்காளியின் விதையைப் போடலாமா?
வாசகி, ஜீவன்பீமாநகர்

முளைக்கும். ஆனால் கெட்டித் தோல் உள்ள, லாரியில் நசுங்காத பழம் பெரும்பாலும் வீரிய ரகம். அதன் விதையில் வரும் செடிகள் ஒன்றுபோல் இருக்காது, நோய் தாங்கும் குணமும் சிதறிவிடும். புளிப்பான நாட்டித் தக்காளி கிடைத்தால் அதை நம்பிப் போடலாம். விதை எடுத்து வைக்க ஆசை என்றால் ‘அர்கா விகாஸ்’ போன்ற சுத்த ரகத்தில் தொடங்குங்கள். நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போகக் கழுவி, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்தினால் மூன்று வருடம் வரை முளைப்புத் திறன் இருக்கும்.

பழுத்ததும் அணில் கடிக்கிறது, தப்பியது மழையில் வெடிக்கிறது. பழமாகப் பறிக்கவே முடியவில்லை.
வாசகர், மல்லேஸ்வரம்

பழுக்கும் வரை செடியில் விட வேண்டியதில்லை. காயின் அடியில் லேசாக இளஞ்சிவப்பு படர்ந்ததும் காம்போடு பறித்துவிடுங்கள். அந்த நிலைக்கு வந்த காய், செடியில் இருந்தாலும் சமையலறையில் இருந்தாலும் பழுக்கத்தான் போகிறது. அறைச் சூட்டில், வெயில் படாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வைத்தால் நான்கு முதல் ஆறு நாளில் சிவந்துவிடும். உண்மையில் 32 டிகிரிக்கு மேல் தக்காளியில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. ஏப்ரலில் செடியில் விட்ட பழம் தோள்பக்கம் மஞ்சளாகவே நின்றுவிடுவது அதனால்தான். அந்த மாதத்தில் உள்ளே வைத்துப் பழுக்கவைத்ததே நிறமாக இருக்கும். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குரங்கு வரும் பகுதியென்றால் நைலான் பையால் கொத்தைக் கட்டுவதும் உதவாது. பச்சையாக இருக்கும்போதே பறித்துத் தொக்குக்கும் கூட்டுக்கும் பயன்படுத்துங்கள்.